எண்பதடி ஆளுக்கு ஊதிய சங்கு

மௌலா அலிக் குன்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த அந்த ரயில் ஒர்க்‌ஷாப்பில் விரலை நசுக்கிக்கொள்கிறவனுக்கு இரண்டு வேதனை உண்டு. ஒன்று விரல். இன்னொன்று டிரெஸ்ஸர் ஜெயகரன்.

டிரெஸ்ஸர் என்றால் ஒர்க்‌ஷாப் டிஸ்பென்சரியில் காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிறவர். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து மிக்ஸ்சர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஜெயகரன் ராஜ்யம். கை சுத்தம், கட்டு சுத்தம், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாய் இருக்கிறதே! பஞ்சைக் கையில் எடுத்தவுடனே ஆரம்பித்துவிடுவார். "இப்ப உள்ள என்ன நடக்குன்னு நெனச்ச? அடைப்புக்காரப் பயலுவ ஓடியாந்து கையக் கோத்துக்கிட்டு நிக்கானுவ. பின்னால வெள்ளச்சட்டப் பயலுவ வந்து அழுக்கத் திங்கானுவ." கட்டு முடிகிற வரைக்கும் கதை ஓடும். சின்னக் கீறலுக்குச் சின்னக் கதை, பெரிய காயத்துக்குப் பெரிய கதை. அவருக்குப் பயந்தே சிலர் காயத்தில் கிரீஸைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். புரையோடிப் போய் வந்தால் கதை இன்னும் நீளம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில். ஜெயகரனின் அப்பா பட்டாளத்துக்கு ரொட்டி சுடுவதற்காக நாசரேத்திலிருந்து செகந்திராபாத் வந்தவர். மகன் ரொட்டி சுடாமல் டிஸ்பென்சரிக்குப் போனான். அந்த வருஷம் ஊரில் பிளேக். வெளியூரிலிருந்து வந்த பிளேக் டாக்டர் ஒருவர், பெட்டியிலிருந்து பித்தளைக் குழாய் வைத்த பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஆளுக்கு இருபது எண்ணுகிற நேரம் பார்க்கலாம் என்றார். வரிசையில் ஒன்பதாவது ஆள் ஜெயகரன். வயது இருபத்து நான்கு.

குனிந்தார். வெளிச்சத்துக்குள் வட்டவட்டமாக எத்தனையோ உயிரணுக்கள். ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, சந்தையில் நடக்கிற கூட்டம் மாதிரி ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் பெரியதாக ஒன்று மட்டும் சோம்பேறியாக நெளிந்தது. அது என்ன என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் "இருபது" என்று சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அந்த இருபதாவது எண்ணை எண்ணியவன் யாரென்று ஜெயகரன் கடைசிவரை மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

அன்றைக்கே டிஸ்பென்சரி அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்தார். லிண்ட் துணி கீழே போயிற்று, டிங்க்சர் பாட்டில்கள் மேலே போயின. நடுத்தட்டு பூதக்கண்ணாடிக்கு. வருஷா வருஷம் மனு எழுதினார். டாக்டர்கள் மாறினார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அந்தத் தட்டு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பார்கள். டிஸ்பென்சரி பெருக்குகிற நாகம்மா, பாத்திரத்தில் தண்ணீரும் துணியுமாக அந்த வெறும் தட்டைத் தினமும் துடைப்பாள். இருபத்தாறு வருஷம் துடைத்தாள். எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

முப்பத்தேழாம் வருஷம் தை மாதத்தில் தலைமை ஆபீஸிலிருந்து டாக்டர் இராமச்சந்திரன் வந்தார். டிஸ்பென்சரிகளைப் பார்வையிடுவது அவர் வேலை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிற மனிதர். ஜெயகரன் மனுவை நீட்டினார். அவர் படித்துவிட்டு, ஒரு பூதக்கண்ணாடி இருக்கத்தான் இருக்கிறது, காஜிபேட்டையிலும் கேட்கிறார்கள், அலமாரியில் தூங்கவைக்க அதைக் கொடுக்க முடியாது என்று சொன்னார்.

"அடுத்த மாசம் சுகாதார வாரம் வருது. உடம்புக்குள்ள உயிரணுக்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்யுதுன்னு உங்க ஆளுங்களை வெச்சு எனக்குக் காட்டுங்க. நீங்க லெக்சர் அடிக்கக் கூடாது. அவங்களுக்குப் புரிஞ்சிருக்கான்னுதான் நான் பார்ப்பேன். புரிஞ்சிருந்தா பெட்டி இங்கேயே இருக்கும். இல்லேன்னா சாயந்திர வண்டியில காஜிபேட்டைக்குப் போயிடும், அதோட நீங்க இதைக் கேக்கக் கூடாது."

அன்றைக்கு ராத்திரி ஜெயகரன் வீட்டில் நடந்ததைச் சொன்னார். ரிடையராக ஐந்து வருஷம்தான் இருந்தது. அவர் மனைவி எலிசபெத், இருபத்தாறு வருஷமாக அந்த இருபது எண்ணிக்கையின் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். "இந்தத் தடவையாவது கண்ணாரப் பாத்துத் தொலைங்க. எங்களுக்கும் விடிவு காலம் வரட்டும்" என்றாள்.

மறுநாளே ஆள் சேர்த்தார். காயம்பட்டவர்கள் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்தானே. வராதவனுக்கு அடுத்த தடவை அயோடின் கொஞ்சம் தாராளமாக விழும் என்று யாரோ வதந்தி கிளப்பிவிட்டார்கள். அறுபது பேர் வந்தார்கள். இன்ஸ்டிட்யூட் மைதானத்தில் சுண்ணாம்பால் எண்பதடி நீளத்துக்கு ஒரு ஆளைப் போட்டார் ஜெயகரன். தலை குன்றுப் பக்கம், கால் ஒர்க்‌ஷாப் கேட் பக்கம். அதற்குள் அறுபது பேரும் உயிரணுக்களாக நின்று ஒரு உடம்பை ஓட்டிக் காட்ட வேண்டும். இதுதான் திட்டம்.

வேஷம் பிரிப்பதில் வந்தது வினை. எல்லாருக்கும் மூளை வேண்டும். இல்லாவிட்டால் இதயம். குடலாக இருக்க ஒரு பயல் தயாரில்லை. மூளையை டைம் ஆபீஸ் ஹெட்கிளார்க் குணசேகரன், நாற்காலி போட்டால்தான் வருவேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். இதயம், சம்மட்டி அடிக்கிற தேவராஜுக்கு. வட ஆர்க்காட்டுக்காரன், தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு அவன் டங், டங் என்று அடிக்க வேண்டும், அந்தத் தாளத்துக்குச் சிவப்பணுக்கள் காலி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு உடம்பு முழுக்க நடக்க வேண்டும். பிராணவாயு டிபனுக்குள் போவதாக ஐதீகம். வெள்ளையணு வேஷத்துக்கு ஒர்க்ஸ் மேனேஜர் துரையையே கேட்டுப் பார்க்கலாமே என்றான் ஒருவன். ஜெயகரன் அவனைச் சிறுகுடலில் கடைசி ஆளாகப் போட்டார்.

எஞ்சியது சிறுநீரகம். பேரைச் சொன்னதுமே எல்லாரும் மோட்டுவளையைப் பார்த்தார்கள். ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த நாகம்மா விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"சாரு, அது இல்லேன்னா அந்தப் பெரிய ஆளு எத்தன தினம் நிப்பான்?"

"ஒரு வாரம் தாங்குனா பெரிசு" என்றார் ஜெயகரன்.

"மூளைக்குக் குர்சி உண்டுல்ல?"

"உண்டு."

"அப்போ எனக்கும் ஒரு குர்சி. குர்சி இல்லேன்னா நக்கோ."

ஆக அந்த உடம்பில் இரண்டு நாற்காலி. ஒன்று தலையில், ஒன்று இடுப்பில்.

ஒத்திகை தினமும் ஷிப்ட் முடிந்து சாயந்திரம். ஜெயகரன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விதி. உயிரணு யோசிக்காது. அதற்கு மேஸ்திரி கிடையாது, லீவு கிடையாது, எனக்கென்ன என்கிற பேச்சும் கிடையாது. சத்தம் வந்தால் தன் வேலையை உடனே செய்யும், அவ்வளவுதான். இதைத் தினமும் முப்பது தரம் சொன்னார். தேவராஜ் சர்ச்சில் ஜெபத்துக்குப் பதில் சொல்கிற மாதிரி திருப்பிச் சொல்வான். "யோசிக்கக் கூடாது, சத்தம் கேட்டா காரியம்."

கடைசிக் காட்சிதான் உயிர். இடது கெண்டைக்காலில் ஜெயகரன் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழிப்பார். அது காயம். உடனே தலைமாட்டிலிருந்து ஒருவன் விசில் ஊதுவான். விசில் கேட்டதும் அடைப்பணுக்கள் எட்டுப் பேர் ஓடிவந்து கைகோத்து ஓட்டையை அடைக்க வேண்டும், வெள்ளையணுக்கள் கிருமிகளைப் பிடித்துத் தூக்கிப்போட வேண்டும், கார்பெண்டர் ஷாப் ஆட்கள் தோல் அணுக்களாக இரண்டு கரையிலிருந்தும் நெருங்கிவந்து, பக்கத்து ஆள் தோள் பட்டதும் அப்படியே நிற்க வேண்டும். அழகான காட்சி. ஆனால் பட்டாணி விசில் சத்தம் எண்பதடி போகவில்லை. குன்றுக் காற்றில் தலைக்குக் கேட்டது, காலுக்குக் கேட்கவில்லை. மூளை பதறிக் கையை ஆட்ட, கெண்டைக்காலில் அடைப்பணுக்கள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயகரன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாவது நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஐயோ, அது உதிக்காமலே இருந்திருக்கலாம். பாய்லர் ஹவுஸ் மேல் ஒர்க்‌ஷாப் சங்கு இருக்கிறதே! நாலு மைலுக்குக் கேட்குமே! பாய்லர்காரரிடம் போய், சுகாதார வார நாடகத்தன்று மூன்றே காலுக்கு நான் பச்சைக்கொடி காட்டுவேன், ஒரு நீளச் சங்கு கொடுங்கள் என்றார். ஒர்க்ஸ் மேனேஜர் துரையிடமும் போய், நாடகத்துக்கு ஒரு சத்தம் வேண்டும் என்று அனுமதி கேட்டார். துரை காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் தலையை ஆட்டினார். தேவராஜிடம் சொன்னார், நல்ல யோசனை என்றான். குணசேகரனிடம் சொன்னார், பேஷ் என்றார். ஊர்ப்பட்ட பேரில் ஒருத்தருக்கும், ஒருத்தருக்கும், அதில் ஏதாவது இடிக்கிறதே என்று தோன்றவில்லை.

சுகாதார வார நாடகத்தன்று மைதானம் நிறைந்துவிட்டது. காலனிப் பெண்கள் எல்லாரும் எலிசபெத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். அறுபது பேருக்கு மட்டும்தான் லீவு, மீதி ஆயிரத்து நூறு பேர் ஒர்க்‌ஷாப்புக்குள் வேலையில் இருந்தார்கள். டாக்டர் இராமச்சந்திரன் ஷாமியானாவில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் பக்கத்து மேஜையில் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். ஜெயகரன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் வந்த காரியம் மறந்துபோகும் என்று பயம்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் பாதி பிரமாதம். தேவராஜ் டங், டங் என்று அடித்தான். பனியனில் வேகன் பெயிண்டைச் சிவப்பாகப் பூசிக்கொண்ட சிவப்பணுக்கள் டிபனைத் தூக்கிக்கொண்டு கட்டைவிரல் வரைக்கும் போய் வந்தார்கள். கொல்லுப்பட்டறைத் துருத்திகள் இரண்டும் நுரையீரலாக மூச்சு விட்டன. சிறுகுடல் வரிசையில் ஒரு முழுத் தேங்காயைக் கைமாற்றி விட்டதில் கடைசி ஆளிடம் ஓடு மட்டும் வந்து சேர்ந்தது. அதை ஜீரணம் என்று டாக்டர் ஏற்றுக்கொண்டு நோட்டில் டிக் போட்டார். நாகம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன்னைக் கடந்துபோகிற ஒவ்வொருவனையும் நிறுத்தித் துணியால் முகத்தைத் துடைத்து அனுப்பினாள். ஜெயகரனுக்கு நெஞ்சு விம்மியது.

மூன்றே கால். ஜெயகரன் கெண்டைக்காலுக்கு நடந்துபோய்ச் சுண்ணாம்புக் கோட்டை அழித்தார். பச்சைக்கொடியைத் தூக்கினார்.

சங்கு ஊதியது.

தேவராஜ் சம்மட்டியைக் கீழே வைத்தான். இதயம் நின்றது. அடைப்பணுக்கள் எழுந்து தூசு தட்டினார்கள். சிவப்பணுக்கள் டிபனை இடுக்கிக்கொண்டார்கள். மூளை குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இருபது வருஷம், முப்பது வருஷம் அந்தச் சங்கு கேட்டால் வீட்டுக்குப் போய்ப் பழகிய கால்கள் ஐயா அவை, யாரைக் கேட்டு நகரும்! அத்தனை பேரும் யாரோடும் பேசாமல், அவசரமும் இல்லாமல், உடம்பைவிட்டு நடந்துபோனார்கள். முன் வரிசையில் எலிசபெத்கூட உலை வைக்க எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் காலனியே எழுந்தது.

டாக்டர் இராமச்சந்திரன் பென்சிலைக் கையில் பிடித்தபடி, "இது என்ன நோய்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல ஜெயகரனுக்கு நேரம் இருக்கவில்லை. ஒர்க்‌ஷாப் கேட் திறந்து ஆயிரத்து நூறு பேரும் வெளியே வந்தார்கள். காலனிக்குக் குறுக்கு வழி மைதானம். எண்பதடி ஆளின் பாதத்தில் நுழைந்து தலைவழியாக வெளியேறினார்கள். நடுவே பச்சைக்கொடியோடு நின்று, "லேய், நில்லுங்க! நீங்க உயிரணு! போகக் கூடாது!" என்று கத்தினார் ஜெயகரன். அவர்களில் பலருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. ஒருவன் ஸலாம் வைத்துவிட்டுப் போனான். யாருடைய டிபனோ இடுப்பில் இடித்தது, ஜெயகரன் கவிழ்ந்து விழுந்தார். முழங்கால் ஜல்லிக் கல்லில் பட்டுக் கிழிந்தது.

புழுதி அடங்கியபோது எண்பதடி ஆளைக் காணோம். சுண்ணாம்பு முழுக்க ஆயிரத்து நூறு பேர் செருப்பில் வீட்டுக்குப் போய்விட்டது. நடு மைதானத்தில் ஒரு நாற்காலியும் அதில் நாகம்மாவும் மட்டும் மிச்சம்.

ஜெயகரன் எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வருஷம் போயிற்று, பெட்டி காஜிபேட்டைக்குப் போயிற்று. இனி யாரிடம் கேட்பது? முழங்கால் வலித்தது. மனிதர் அழுதுவிட்டார்.

நாகம்மா நாற்காலியைவிட்டு எழாமலே கேட்டாள். "சாரு, நான் போவணுமா, இருக்கணுமா?"

"நீ ஒருத்தி ஏன் போகல?"

"நான் எதுக்குப் போவணும்? அது ஷாப்பு ஆளுங்க சங்கு. நமக்கு ஆறு மணிக்கில்ல வேல முடியுது? ஆஸ்பத்திரி மணி அடிச்சா வேற பேச்சு." அப்புறம்தான் முழங்காலைப் பார்த்தாள். துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அழுத்திப் பிடித்தாள். "ஒருத்தரயும் கூப்பிடாதீங்க, நான் ஒருத்தி போதும்" என்றாள்.

டாக்டர் இராமச்சந்திரன் வந்து பக்கத்தில் குந்தினார். அவர் முகம் ஒரு தினுசாக இருந்தது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பையிலிருந்து கண்ணாடித் தகட்டை எடுத்து, நாகம்மாவின் விரலை விலக்கச் சொல்லி, முழங்காலில் ஒரு சொட்டைத் தொட்டு எடுத்தார். மேஜைக்குப் போய்த் தகட்டைப் பூதக்கண்ணாடியில் வைத்து வெயிலுக்குத் திருப்பினார். ஜெயகரனை அழைத்தார்.

ஜெயகரன் நொண்டிக்கொண்டு போய்க் குனிந்தார்.

அதே வட்டங்கள். அதே இடிச்சல். அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஓரத்தில் அந்தப் பெரிய சோம்பேறி, இருபது எண்ணுவதற்குள் விட்டுவிட்டு வந்தவன், மெதுவாக நெளிந்தான். ஜெயகரன் மனசுக்குள் இருபது எண்ணினார். யாரும் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. இருபத்தொன்று என்றார். 

அதற்குள் ஒர்க்ஸ் மேனேஜர் துரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்லர் ஹவுஸுக்கு ஓடியிருந்தார். ஒரு மணி நேரம் முன்கூட்டியே வீட்டுக்குப் போன ஒர்க்‌ஷாப்பைத் திரும்ப வரவழைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். மறுபடியும் சங்கு ஊதியது. காலனியில் கை கழுவி உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். பாதி வழியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஆயிரத்து நூறு பேர் மைதானத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

ஜெயகரன் கண்ணை எடுக்கவில்லை. தகட்டுக்குள் ஒருத்தன்கூடச் சங்கைச் சட்டை செய்யவில்லை.

"போகல டாக்டர்" என்றார். "ஒரு பயலும் போகல. நாகம்மா மாதிரியே இருக்கானுவ. அவனுவளுக்குன்னு உள்ள சத்தம் வந்தாத்தான் அசைவானுவ."

அப்போது தேவராஜ் மூச்சிரைக்க வந்து நின்றான். கையில் ஒரு வாய் சோறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெயகரனின் முழங்காலைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்க சார். இன்னா பண்றது, காலு அதுபாட்டுக்குப் பூட்ச்சு. நீதான சொன்ன, யோசிக்கக் கூடாது, சத்தம் கேட்டா காரியம்னு. அப்டியே செஞ்சோம்."

டாக்டர் இராமச்சந்திரன் நோட்டைத் திறந்து, எதையோ எழுதி, மூடினார். புரிந்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார். காயம் ஆறுகிற காட்சியைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்றும், வாரம் ஒரு தடவை வந்து இந்த முழங்காலில் அதைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு எழுந்து, "பெட்டியை எங்கே வைக்கணும்?" என்று கேட்டார்.

ஒர்க்‌ஷாப் அன்றைக்கு ஐந்து மணி வரை ஓடியது. பாய்லர் ஹவுஸுக்கு நூறு கெஜத்துக்குள் டிரெஸ்ஸர் ஜெயகரன் வரக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார், ரிடையராகும் வரை அது நோட்டீஸ் போர்டில் தொங்கியது. சிவப்பணுக்களின் மேலிருந்த வேகன் பெயிண்ட் பங்குனி வரை போகவில்லை. இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

ஜெயகரன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி டிஸ்பென்சரிக்குப் போனார். பின்னால் தேவராஜ், குடையோடு குணசேகரன், உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த எலிசபெத். நாகம்மா முந்திக்கொண்டு போய் அலமாரியைத் திறந்து நடுத்தட்டை இன்னொரு தரம் துடைத்தாள். ஜெயகரன் பெட்டியை உள்ளே தள்ளினார். இடித்தது. திருப்பிவைத்துத் தள்ளினார். அப்படியும் இடித்தது. பெட்டி இரண்டு விரற்கடை உயரம் அதிகம்.

 இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது அளந்து பார்த்திருக்கலாம் அல்லவா!

முதலில் சிரித்தவர் ஜெயகரன்தான். பெட்டியைக் கட்டுப்போடும் மேஜையில், தன் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விரலை நசுக்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் கதையோடு காட்சியும் கிடைத்தது, ஆளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். காயமே இல்லாமல் வரிசையில் நின்றவர்களைத்தான் விரட்ட வேண்டியிருந்தது. நடுத்தட்டு காலியாகவே இருந்தது. நாகம்மா அதை எப்போதும்போலத் தினமும் துடைத்தாள்.